தீச்சுவரும் அதன் துளைகளும்

ஒற்றை இன்ஜின் கொண்ட சிறு விமானத்தில், இன்ஜினுக்கும் விமானியின் பாதங்களுக்கும் இடையே நிற்பது ஒரு மெல்லிய உலோகத் தகடு மட்டுமே. தொழிலில் ஃபயர்வால் என்று வழங்கும் அதனைத் தீச்சுவர் எனலாம். சுவர் என்ற சொல் செங்கல்லையும் கனத்தையும் நினைவூட்டினாலும், இதன் தடிமன் பெரும்பாலும் அரை மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. வீட்டில் உணவருந்தும் எவர்சில்வர் தட்டோடு ஒப்பிடத்தக்க தகடு இது. அதன் ஒரு பக்கத்தில் பெட்ரோலும் எண்ணெயும் செஞ்சூடான எக்ஸாஸ்ட் குழாய்களும். மறு பக்கத்தில் மனிதர்கள்.

தம் கையால் விமானம் கட்டுவோரிடையே இத்தகடு குறித்து ஒரு வழக்கம் நிலைபெற்றிருக்கிறது. தகட்டின் உலோகமும் தடிமனும் தொடக்கத்திலேயே கவனத்துடன் தெரிவு செய்யப்படுகின்றன. அதில் இடும் துளைகளை அடைப்பதும், இருபுற மேற்பரப்பையும் முடித்து நிறைவு செய்வதும் கட்டுமானத்தின் கடைசி வாரங்களுக்குத் தள்ளப்படுகின்றன. முன்னது பொறியியல் என்றும் பின்னது பூச்சு வேலை என்றும் ஒரு பாகுபாடு சொல்லாமலேயே ஏற்கப்பட்டுவிட்டது. இப்பாகுபாடு தவறானது என்பதே இப்பதிவின் வாதம். தீயை எவ்வளவு நேரம் தாங்க முடியும் என்பதைத் தீர்மானிப்பவை தகட்டைக் காட்டிலும் அதன் துளைகளும், துளைகளை நிரப்பும் பொருள்களும், விமானியின் பக்கத்தில் ஒட்டப்படும் பொருள்களுமே. இதைக் கட்டுநர்கள் மறப்பதற்கு, தரவிதிகளைப் படிக்கும் முறையும் கற்பிக்கும் முறையும் ஒரு காரணம். எனவே இது வகுப்பறைக்கும் உரிய பொருள்.

முதலில் சட்டப் பின்னணி. சொந்தமாக விமானம் கட்டும் மரபு மிக விரிவாக வேரூன்றிய நாடு அமெரிக்கா. 1953இல் தொடங்கப்பட்ட சோதனை விமானச் சங்கம் அம்மரபின் நடுவிடமாக விளங்குகிறது. ஆரிகன் மாநிலத்தின் வேன்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனம் விற்கும் ஆர்.வி. வரிசை உதிரித்தொகுப்புகளிலிருந்து மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் தனிமனிதர்களின் கொட்டகைகளில் கட்டப்பட்டுப் பறந்துள்ளன. அமெரிக்க விதி இவ்விமானங்களைச் சோதனை வகை என்று பகுக்கிறது. விமானத்தின் பெரும்பகுதியைக் கட்டியவர், தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டும் அதனைக் கட்டியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 51 விழுக்காட்டு விதி என்று பேச்சு வழக்கில் அறியப்படுவது இதுவே. இந்நிபந்தனையை நிறைவேற்றினால், தொழிற்சாலையில் தயாராகும் சிறு விமானங்களைக் கட்டுப்படுத்தும் 23ஆம் பகுதி விதிகள் அவரைக் கட்டுப்படுத்தா. தீச்சுவர் எவ்வாறு அமைய வேண்டும் என்ற விதியும் அவற்றுள் அடங்கும்.

கட்டுப்படுத்தாவிட்டாலும் பெரும்பாலான கட்டுநர்கள் அவ்விதியையே அளவுகோலாகக் கொள்கின்றனர். அது நல்ல வழக்கம். 2017இல் 23ஆம் பகுதி முழுதும் திருத்தி எழுதப்படுவதற்கு முன்பிருந்த வடிவத்தில் அவ்விதி தெளிவான எண்களைத் தந்தது. தீச்சுவரின் பொருள் 2000 பாகை ஃபாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 1093 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள சுடரை எதிர்கொள்ள வேண்டும். ஏறத்தாழ பத்து அங்குலச் சதுரமான மாதிரித் தகட்டின்மீது அச்சுடர் பாய்ச்சப்படும். குறைந்தது 15 நிமிடங்கள் சுடர் தகட்டை ஊடுருவக் கூடாது. சில பொருள்களுக்குச் சோதனையே தேவையில்லை என்ற விலக்கும் உண்டு: 0.015 அங்குலத் துருப்பிடிக்காத எஃகு, 0.016 அங்குல டைட்டானியம், 0.018 அங்குல மோனல், அரிப்பிலிருந்து காக்கப்பட்ட 0.018 அங்குல மென் எஃகு ஆகியவை அப்பட்டியலில் அடங்கும். 0.015 அங்குலம் என்பது 0.38 மில்லிமீட்டர்.

இந்தப் பட்டியல் கட்டுநர் உலகில் வாய்ப்பாடு போல் நினைவில் நிற்கிறது. அதே விதியில் அருகிலேயே இருந்த மற்றொரு வாசகம் அவ்வாறு நிற்பதில்லை. தீச்சுவரில் உள்ள ஒவ்வொரு திறப்பும், நெருக்கமாகப் பொருந்தும் தீத்தாங்கும் வளையங்களாலோ இணைப்புகளாலோ அடைக்கப்பட வேண்டும் என்பதே அவ்வாசகத்தின் கருத்து. சுவரில் பொருத்தும் இணைப்புகள் எஃகாலோ செம்பு சார்ந்த கலப்புலோகத்தாலோ ஆனவையாயின் அவற்றுக்கும் சோதனை விலக்கு உண்டு. அலுமினியத்துக்கு அவ்விலக்கு இல்லை. தடிமன் ஓர் எண். எண் எளிதில் மனத்தில் தங்கும். ஒவ்வொரு திறப்பும் என்பது ஒரு கடமை. கட்டுநர் ஒவ்வொரு துளையின் முன்பும் நின்று தாமே அதனை நிறைவேற்ற வேண்டும்.

அத்தகைய துளைகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் வியப்பு ஏற்படும். த்ராட்டில் கேபிள் ஒன்று, எரிபொருள் கலவையைக் கட்டுப்படுத்தும் கேபிள் ஒன்று, சுழலியின் கோணத்தை மாற்றும் கேபிள் ஒன்று. எரிபொருள் குழாய் ஒன்று. எண்ணெய் அழுத்தத்தையும் உறிஞ்சுகுழல் அழுத்தத்தையும் அளக்கும் மெல்லிய குழாய்கள். ஸ்டார்ட்டருக்குச் செல்லும் தடித்த மின்கம்பி, உணரிகளின் மின்கம்பிக் கற்றைகள், பல விமானங்களில் பிரேக் எண்ணெய்க் குழாய். குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் காற்று நுழைவதற்கு ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள பெருந்துளை. இவற்றோடு நூற்றுக்கணக்கான ரிவெட் துளைகள். வளைத்து மடித்த தகடுகள் கீழ் மூலைகளில் சந்திக்குமிடத்தில் தாமாகவே விழும் சிறு இடைவெளிகள் வேறு.

இத்துளைகளை நிரப்பும் பொருள்களின் உருகுநிலையைச் சுடரின் வெப்பத்தோடு ஒப்பிடுவது பயனுள்ள பயிற்சி. துருப்பிடிக்காத எஃகு ஏறத்தாழ 1400 பாகை செல்சியஸில் உருகும். ஆகவே 1093 பாகைச் சுடரின் முன் அது சிவந்து நெளிந்தாலும் நிற்கும். தூய அலுமினியம் 660 பாகையில் உருகும்; விமானத்தில் பயன்படும் அலுமினியக் கலப்புலோகங்கள் அதற்கும் கீழேயே உருகத் தொடங்கிவிடும். நைலான் வளையத்துக்கு 300 பாகைகூடத் தேவையில்லை. எனவே எஃகுத் தகட்டில் நைலான் வளையத்தின் வழியே கேபிளைச் செலுத்தினால், அவ்விடத்தில் சுவரின் தீத்தாங்கும் காலம் நைலானின் காலமே. எஃகுத் தகட்டை அலுமினிய ரிவெட்டால் பிணைத்தால், அவ்விடத்தில் அது அலுமினியத்தின் காலம். சூடான காற்றுக்கான பெருந்துளையின் மீது அலுமினியப் பெட்டியும் அலுமினிய மடலும் பொருத்தினால், ஐந்து சென்டிமீட்டர் விட்டத்துக்கு அது அலுமினியச் சுவர். அமெரிக்க விதிகளின் வரையறைப் பகுதியே இவ்வேறுபாட்டை உணர்ந்து எழுதப்பட்டது. எஃகுக்கு நிகராகத் தீயைத் தாங்கக்கூடியது ஒரு தரம். அலுமினியக் கலப்புலோகத்துக்கு நிகராகத் தாங்கக்கூடியது அதற்குக் கீழான மற்றொரு தரம். 1990இல் வெளியான வழிகாட்டுக் குறிப்பு முன்னதற்கு 15 நிமிடங்களையும் பின்னதற்கு 5 நிமிடங்களையும் சோதனைக் காலமாகக் கொண்டது.

துளையின் பரப்பு மிகச் சிறியது. அதனால் தீங்கும் சிறியதாகவே இருக்கும் என்ற எண்ணம் இயல்பானது. அரைச் சதுர மீட்டர் தகட்டில் ஒரு சதுர சென்டிமீட்டர் துளை என்றால், அது பரப்பில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் தீ பரப்பின் விகிதப்படி பங்கு பிரித்துக்கொண்டு வருவதில்லை. பறக்கும் விமானத்தின் இன்ஜின் மூடிக்குள் காற்று அழுத்தத்துடன் நுழைகிறது. பல சிறு விமானங்களில் பயணிகள் அறையின் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சற்றே தாழ்ந்திருக்கிறது. கதவிடுக்கும் வால்பகுதித் திறப்புகளும் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சுகின்றன. அழுத்தம் மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குத் துளை வழியே காற்று பீறிடும். தீ இருந்தால் சுடரும் புகையும் அதனோடு வரும். அத்துளைக்கு நேர் பின்னே இருப்பவை மின்கம்பிக் கற்றைகளும் விமானியின் முழங்கால்களும்.

அடுத்தது அடைப்புப் பசை. கடையில் கிடைக்கும் சிவப்புச் சிலிக்கோன் பசைக் குழாயின் மீது உயர்வெப்பம் தாங்கும் என்று அச்சிடப்பட்டிருக்கும். அச்சொல் குறிப்பது ஏறத்தாழ 300 பாகை செல்சியஸ் வரையிலான தொடர் பயன்பாட்டை. இன்ஜின் மூடியின் அன்றாட வெப்பத்துக்கு அது போதும். 1093 பாகைச் சுடரின் முன் அதே பசை எரிந்து, உதிரும் வெண்சாம்பலாகும். அன்றாட வெப்பத்தைத் தாங்குவதும் தீயைத் தாங்குவதும் இருவேறு பண்புகள். முன்னதற்கான சான்றைப் பின்னதற்கான சான்றாகக் கொள்வது தருக்கப் பிழை.

சில கட்டுநர்கள் ஒரு படி மேலே சென்று, கட்டடங்களில் குழாய் நுழையும் துளைகளை அடைக்க விற்கப்படும் தீத்தடுப்புப் பசையை வாங்குகின்றனர். மணிக்கணக்கில் தீயைத் தாங்கும் என்ற சான்றிதழ் அதற்கு உண்டு. 15 நிமிடச் சுவருக்கு இரண்டு மணிநேரப் பசை என்றால் மனம் நிறைவடைவது இயல்பே. ஆனால் அச்சான்றிதழின் பின்னுள்ள சோதனையைப் படித்தால் நிறைவு குறையும். கட்டடப் பொருள்களுக்கான அமெரிக்கச் சோதனை உலை ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக் கோட்டைப் பின்பற்றுகிறது. அது 5 நிமிடத்தில் 538 பாகையையும், 10 நிமிடத்தில் 704 பாகையையும், ஒரு மணிநேரத்தில் 927 பாகையையும் எட்டும். விமானச் சோதனையின் 1093 பாகையை அக்கோடு எட்டுவது நான்காவது மணிநேரத்தில்தான். விமானச் சோதனையிலோ அவ்வெப்பம் முதல் நொடியிலேயே நேரடிச் சுடராக வந்து மோதுகிறது. இன்ஜினின் அதிர்வும் எண்ணெய்க் கசிவும் கட்டடச் சோதனையில் இடம்பெறுவதில்லை. இதனால் அப்பசை பயனற்றது என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. சூட்டில் உப்பிப் பெருகி இடைவெளியை நிரப்பும் வகைப் பசைகள் சிறு இடுக்குகளில் நன்றாகவே உதவக்கூடும். ஒரு சோதனையின் சான்றிதழ் மற்றொரு சோதனையின் வினாவுக்கு விடை ஆகாது என்பதே இங்குக் கொள்ளத்தக்கது.

நல்ல அடைப்பின் கொள்கை எளியது. வலிமையை உலோகம் தரவேண்டும். பசை இடுக்கை மட்டும் நிரப்பவேண்டும். கேபிளுக்கு எஃகாலான உருண்டைத் தலை இணைப்பைப் பொருத்தினால், கேபிள் கோணம் மாறினாலும் துளை திறவாது. மின்கம்பிக் கற்றையை, விளிம்புடைய குறுகிய எஃகுக் குழாயின் வழியே செலுத்தி, குழாயின் வாயைத் தீத்தாங்கும் உறையால் போர்த்தி இருமுனையிலும் எஃகுப் பட்டையால் இறுக்கி, உள்ளே பசையை நிரப்பலாம். ரப்பர் வளையம் தவிர்க்க முடியாத இடத்தில் அதன் மீது எஃகுக் கவசத் தகடு வேண்டும். தீச்சுவரோடு பிணைக்கும் ரிவெட்டுகள் எஃகாகவோ மோனலாகவோ இருத்தல் நன்று. சூடான காற்றுக்கான பெட்டியும் அதன் மடலும் எஃகாலேயே அமைய வேண்டும். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில், இணைக்கும்போதே இடையில் பசை இட வேண்டும். இணைத்தபின் விளிம்பில் மட்டும் தடவிய பசை எண்ணெய் படிந்த பரப்பில் சில மாதங்களில் உரிந்துவிடும். இவ்வேலைகள் அனைத்தும் இன்ஜினைப் பொருத்துவதற்கு முன்பே எளிதாக முடியக்கூடியவை. பொருத்திய பின்னர் கை நுழையாத இடத்தில், கண்ணுக்குத் தெரியாத துளையில், விரல் நுனியால் பசை அப்புவதே நடக்கும். அடைப்பு வேலையைக் கடைசிக்குத் தள்ளும் வழக்கத்தின் உண்மையான விலை இதுவே.

இனி, முடிப்பு வேலை. தீச்சுவரின் இன்ஜின் பக்கத்தை வெண்ணிறமாக வைத்திருப்பதற்கு நியாயம் உண்டு. வெண்பரப்பில் எண்ணெய்க் கசிவும் எக்ஸாஸ்ட் புகைக்கறையும் உடனே தென்படும். எஃகும் அலுமினியமும் தொடுமிடத்தில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும் என்பதால் அவ்விணைப்பில் பிரைமர் இடுவதும் முறையே. சிக்கல் இருப்பது மறுபக்கத்தில், அதாவது விமானியின் பக்கத்தில். இன்ஜினின் இரைச்சலையும் வெப்பத்தையும் குறைக்க வேண்டி, தகட்டின் பின்புறத்தில் நுரைப் பாய்களை ஒட்டுவதும், பார்வைக்கு அழகாக வண்ணம் பூசுவதும் பரவலாகக் காணப்படும் வழக்கங்கள்.

சோதனை எதனை அளக்கிறது என்ற வினா இங்குத்தான் கூர்மை பெறுகிறது. முன்பு சொன்ன 15 நிமிடச் சோதனை கேட்பது, சுடர் ஊடுருவியதா என்பதை மட்டுமே. தகட்டின் பின்புறம் எவ்வளவு சூடாகலாம் என்பதற்கு அவ்விதியில் வரம்பு இல்லை. ஒரு சிறு கணக்கு இதன் பொருளைக் காட்டும். 0.4 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டின் வழியே சதுர மீட்டருக்கு 100 கிலோவாட் வெப்பம் பாய்ந்தாலும், முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையே உருவாகும் வெப்பநிலை வேறுபாடு ஏறத்தாழ இரண்டு பாகை மட்டுமே. அதாவது முன்பக்கம் 600 பாகையில் சிவந்தால் பின்பக்கமும் 600 பாகையில் சிவக்கும். 600 பாகையிலுள்ள முழுமையான கரும்பொருள் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 33 கிலோவாட் கதிர்வீச்சை வெளியிடும். உச்சி வெயில் தருவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோவாட். முப்பது சூரியன்களுக்கு நிகரான அடுப்பு முழங்காலுக்கு எதிரே எரிகிறது. ஆயினும் விதியின் கண்ணில் அத்தகடு வெற்றி பெற்றதே.

அப்பின்புறத்தில் பாலியூரித்தேன் நுரை ஒட்டப்பட்டிருந்தால், சில நூறு பாகையிலேயே அது சிதைந்து, ஹைட்ரஜன் சயனைடு உள்ளிட்ட நச்சு வாயுக்களை அடைபட்ட சிற்றறைக்குள் வெளியிடும். நுரை தீப்பற்றாத வகை என்றாலும், அதனை ஒட்டிய பசை அவ்வகையா என்று எவரும் கேட்பதில்லை. வண்ணமும் அப்பாவியன்று. பளபளப்பான எஃகுப் பரப்பு அதே வெப்பநிலையில் கரும்பொருளைவிடப் பன்மடங்கு குறைவாகவே கதிர்வீசும். வண்ணம் பூசினால் அப்பரப்பு கரும்பொருளை நெருங்கும். சூட்டில் எஃகு கருக்கும்போது இந்நன்மை குறையும் என்பது உண்மையே. ஆயினும் தீயின் முதல் நிமிடங்களில் விமானிக்கு வாய்ப்பாக அமையக்கூடிய பண்பு அது. அழகுக்காகப் பூசிய வண்ணம் அப்பண்பைத் தீ தொடங்கும் முன்பே பறித்துவிடுகிறது. சூடேறும்போது புகையையும் சேர்த்துத் தருகிறது. வெப்பக் காப்பு வேண்டுமெனில் அதன் இடம் இன்ஜின் பக்கம்: மெல்லிய எஃகுப் படலத்துக்குள் பீங்கான் இழைப் பாயை வைத்து, எண்ணெய் ஊறாதபடி விளிம்புகளை அடைத்துப் பொருத்தலாம். விமானியின் பக்கம் வெறும் உலோகமாக இருப்பதே சிறந்த முடிப்பு. இழைக்கலவையால் கட்டப்பட்ட விமானங்களில் இன்ஜின் பக்கக் காப்பு இன்னும் இன்றியமையாதது. ஏனெனில் பிசின்கள் தம் விறைப்பை இழக்கும் வெப்பநிலை பெரும்பாலும் 100 பாகையைச் சுற்றியே அமைகிறது.

அடைப்பின் மற்றொரு பயன் தீயோடு தொடர்பற்றது. அன்றாடத் தேவை என்ற வகையில் அதுவே பெரிது எனலாம். எக்ஸாஸ்ட் வாயுவில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 2019 ஜனவரி 21ஆம் நாள் ஆங்கிலக் கால்வாயில் விழுந்த பைப்பர் மாலிபு விமானத்தில் கால்பந்து வீரர் எமிலியானோ சாலா உயிரிழந்தார். பிரிட்டனின் விமான விபத்துப் புலனாய்வுக் கிளை, அவரது குருதியில் கார்பன் மோனாக்சைடால் பிணைக்கப்பட்ட ஹீமோகுளோபின் 58 விழுக்காடு இருந்ததை வெளியிட்டது. எக்ஸாஸ்ட் வாயு அறைக்குள் புகுந்திருக்க வேண்டும் என்பது அதன் முடிவு. அது தொழிற்சாலையில் கட்டப்பட்டு முறையான சான்று பெற்ற வகை விமானம். தீச்சுவரின் துளைதான் அங்கு வழி என்று சொல்வதற்கில்லை. அறையைச் சூடாக்கும் அமைப்பின் வழியே நச்சு வாயு வந்திருக்கலாம் என்பதே புலனாய்வு சுட்டிய திசை. ஆயினும், இன்ஜின் பக்கத்துக்கும் மனிதர் பக்கத்துக்கும் இடையேயுள்ள எல்லை காற்றுப்புகாததாக இருப்பது தீ மூளும் அரிய நாளுக்கு மட்டும் உரிய தேவை என்று எண்ணுவோருக்கு அந்நிகழ்வு போதுமான மறுப்பு. இரவில் ஒரு பக்கம் விளக்கை ஏற்றி, மறுபக்கம் இருளில் நின்று ஒளி கசிகிறதா என்று பார்க்கும் எளிய சோதனை, வாயு புகும் துளைகள் பலவற்றைக் காட்டிக்கொடுக்கும். ஒளி கசியாத நைலான் வளையமும் தீயில் உருகும் என்பதால், அச்சோதனையைத் தீக்கான சான்றாகக் கொள்ளலாகாது.

இவ்வாதத்துக்கு எதிராக மூன்று கருத்துகளை முன்வைக்கலாம். பறக்கும்போது இன்ஜினில் தீ மூள்வது அரிது என்பது முதலாவது. அது உண்மை. விமானி உடனே எரிபொருளை அடைத்துவிட்டால் தீ தணியும் வாய்ப்பும் மிகுதி. சிறு விமானங்களின் அவசரகாலப் பட்டியல்களில் முதல் வரிகளில் இருப்பது அதுவே. ஆனால் அதே பட்டியல்கள் அறைச் சூட்டுக் காற்றை அடைக்கும்படியும் கூறுகின்றன. எஃகுச் சுவரின் மிகப் பெரிய துளையை அப்போது விமானியின் கையே அடைக்க வேண்டியிருக்கிறது. பெட்ரோல் நின்றபின்பும் இன்ஜினில் ஏழெட்டு லிட்டர் எண்ணெய் எஞ்சியிருக்கலாம். 6000 அடி உயரத்திலிருந்து நிமிடத்துக்கு 1500 அடி வீதம் இறங்கினாலும் தரையைத் தொட நான்கு நிமிடங்கள் ஆகும். இறங்கத்தக்க நிலத்தைத் தேடும் நேரம் தனி. கணக்கு நிமிடங்களில் நடக்கும்போது, எஃகுக்கும் அலுமினியத்துக்கும் உள்ள வேறுபாடு உயிரோடு தொடர்புடையது.

எடை இரண்டாவது கருத்து. நைலானையும் அலுமினியத்தையும் எஃகாக மாற்றினால் விமானம் கனக்கும் என்பர். மாற்றப்படுபவை கைக்கடக்கமான சில இணைப்புகளே. இருக்கைத் தோலுக்கும் வெளிவண்ணத்துக்கும் கிலோக்கணக்கில் எடையை ஒதுக்கும் கட்டுநர், தீச்சுவருக்குச் சில நூறு கிராமை மறுப்பதற்கு நியாயம் இல்லை.

மூன்றாவது கருத்து ஆழமானது. சோதனை வகை விமானத்தின் உயிர்நாடி சுதந்திரம். எல்லாவற்றுக்கும் விதி காட்டத் தொடங்கினால் அம்மரபே அழிந்துவிடும் என்பது அது. இப்பதிவு புதிய விதி எதனையும் கோரவில்லை. அச்சுதந்திரம் எந்த அடிப்படையில் வழங்கப்பட்டது என்பதை மட்டுமே நினைவூட்டுகிறது. கட்டுவோரின் கல்விக்காக என்று சட்டமே கூறுகிறது. விதியிலிருந்து விலக்குப் பெற்றவர் விதியின் காரணத்திலிருந்து விலக்குப் பெறுவதில்லை. தொழிற்சாலை, சான்றளிக்கும் அதிகாரிக்கு நிறுவிக்காட்ட வேண்டியதை, தனிக் கட்டுநர் தமக்கே நிறுவிக்காட்டிக்கொள்ள வேண்டும். அதுவே இங்குக் கல்வி என்பதன் பொருள்.

அதற்கு வழியும் உண்டு. தீச்சுவருக்கு வாங்கிய தகட்டில் எஞ்சும் துண்டிலிருந்து பத்து அங்குலச் சதுரம் ஒன்றை வெட்டி, விமானத்தில் பயன்படுத்தவிருக்கும் ரிவெட், கேபிள் இணைப்பு, கம்பிக் குழாய், பசை, பின்புறப் பூச்சு ஆகியவற்றில் ஒவ்வொன்றை அதில் பொருத்தலாம். திறந்தவெளியில், தீயணைப்பான் அருகிருக்க, புகையைச் சுவாசிக்காத தொலைவில் நின்று, முன்புறம் சுடரைப் பாய்ச்சிப் பின்புறத்தை நிமிட வாரியாகப் படம் எடுக்கலாம். கடையில் வாங்கிய வாயுச் சுடர்க்குழல் தரச்சோதனையின் வெப்பப் பாய்வைத் தராது. ஆகவே அதில் வென்றது விமானத்தில் வெல்லும் என்று உறுதி கூற இயலாது. ஆனால் அதிலேயே தோற்றது விமானத்தில் தோற்கும் என்று உறுதியாகக் கூறலாம். தவறான பொருளை நீக்குவதற்கு அவ்வளவு அறிவு போதும்.

இந்திய வகுப்பறைகளுக்கு இதில் என்ன பங்கு என்ற வினா எழலாம். மும்பையில் தம் குடியிருப்பின் மொட்டைமாடியில் விமானம் கட்டி, 2016இல் காட்சிக்கு வைத்து, 2017இல் அரசுப் பதிவும் பெற்ற விமானி அமோல் யாதவின் முயற்சி, இந்நாட்டில் அத்தகைய ஆர்வம் உண்டு என்பதைக் காட்டியது. பெங்களூரில் தேசிய விண்வெளி ஆய்வகங்கள் உருவாக்கிய ஹன்சா, ஈரிருக்கைப் பயிற்சி விமானத்தை இங்கேயே வடிவமைத்துச் சான்று பெற முடியும் என்பதைக் காட்டியது. நாளைய கட்டுநர்களும் சான்றளிப்பவர்களும் இன்றைய விமானப் பொறியியல் மாணவர்களே. அவர்களுக்கு இறக்கையின் ஏற்று விசையும் சட்டகத்தின் தகைவும் விரிவாகக் கற்பிக்கப்படுகின்றன. ஒரு தகட்டில் கேபிள் நுழையும் துளையை எவ்வாறு அடைப்பது என்பது பட்டறைப் பணியாளரின் கவலையாக ஒதுக்கப்படுகிறது. கொட்டகைக் கட்டுநரிடம் காணப்படும் அதே பாகுபாடு, பல்கலைக்கழகத்திலும் தலைமைக்கும் கைக்கும் இடையிலான படிநிலையாக நிலவுகிறது.

இதனை மாற்றப் பெரும் செலவு தேவையில்லை. வெப்பப் பரிமாற்றப் பாடத்தில் சுவரின் வழியே வெப்பம் கடத்தும் கணக்கைக் கற்பிக்கும்போது, செங்கற்சுவருக்கு மாற்றாக 0.4 மில்லிமீட்டர் தீச்சுவரை எடுத்துக்கொள்ளலாம். மேலே கண்ட இரண்டு பாகை வேறுபாட்டை மாணவர் தாமே கணக்கிட்டுக் கண்டறிந்தால், எஃகு வெப்பத்தைக் குறைவாகக் கடத்தும் என்று மனப்பாடம் செய்த வரி எந்த எல்லையில் பயனற்றுப்போகிறது என்பது விளங்கும். பொருளறிவியல் ஆய்வகத்தில் மேற்சொன்ன பத்து அங்குலத் தகட்டுச் சோதனையை உரிய பாதுகாப்புடன் ஒருமுறை நிகழ்த்திக்காட்டலாம். தரவிதிகளைக் கற்பிக்கும் இடத்தில், ஒவ்வொரு சோதனைக்கும் நேராக இரண்டு பத்திகளை மாணவர் எழுதலாம்: இது எதனை அளக்கிறது, எதனை அளக்காமல் விடுகிறது. 15 நிமிடம் என்ற எண்ணுக்கு நேரான இரண்டாவது பத்தியில் பின்புற வெப்பம், புகை, துளைகள், அதிர்வு, காலப்போக்கில் உரியும் பசை ஆகியவை வந்து சேரும்.

அப்பத்தியை எழுதப் பழகிய மாணவர் ஒருநாள் தீச்சுவரின் முன் நிற்கும்போது, தகட்டின் தடிமனைச் சரிபார்த்தவுடன் நகர்ந்துவிட மாட்டார். துளைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அதில் இருக்கும் பொருள் எந்த வெப்பத்தில் உருகும் என்று கேட்பார். பிறகு மறுபக்கம் சென்று, அங்கே என்ன ஒட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்பார்.